மூன்றாம் எண் பொட்டலம்

பொட்டலம் மடிக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் வீட்டில் பிறந்தால் அது தானாக வந்துவிடும். சின்னமனூர் கடைத்தெருவில் முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. சண்டை போட்டுக்கொண்டே மடித்திருக்கிறேன், பரீட்சைக்குப் படித்துக்கொண்டே மடித்திருக்கிறேன். தாளின் இரண்டு ஓரத்தையும் சேர்த்து இரண்டு மடிப்பு, பிறகு பக்கவாட்டில் மடித்து ஒரு முனையை இன்னொரு முனைக்குள் செருகிவிட வேண்டும். நூல் வேண்டாம், ரப்பர் பேண்ட் வேண்டாம். பையில் போட்டு உலுக்கினாலும் சிந்தாது. மருந்து வாங்குகிறவர்கள் மடிப்பைப் பார்த்தே எங்கள் கடைப் பொட்டலம் என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த மடிப்பை வைத்துத்தான் ஒருத்தியைக் கொல்லப் பார்த்தேன்.

நான் அப்போது தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியலில் ஆராய்ச்சி மாணவி. நான்காம் வருஷம். கல்யாணம் எப்போது என்று கேட்கிறவர்களையும், படிப்பு எப்போது முடியும் என்று கேட்கிறவர்களையும் ஒரே மாதிரி முறைக்கிற வயது. என் கோபம் கடைத்தெருவுக்கே தெரியும். வேலையைப் பற்றிக் கேட்டால் மட்டும் நிதானமாகச் சொல்லுவேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை இருந்தது.

வேலை இதுதான். சர்க்கரை வியாதிக்குக் கொடுக்கிற பழைய மருந்து ஒன்று. பெயர் இங்கே வேண்டாம். நல்ல மருந்து, ஆனால் தண்ணீரில் கரையாது. அதன் மூலக்கூறுகள் தங்களுக்குள்ளேயே நெருக்கிக்கொண்டு படிகமாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் வந்து கூப்பிட்டாலும் எழுந்து வராது. கரையாத மருந்து வயிற்றில் கிடந்து என்ன பயன்? பாதி வீணாகப் போகும். அதனால் அதன் பக்கத்தில் வேறொரு மூலக்கூறைக் கொண்டுபோய் வைக்கிறோம், வைட்டமின் வகையைச் சேர்ந்த சாதுவான ஒன்று. இரண்டும் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொள்ளும். அங்கே வேதிவினை எதுவும் நடப்பதில்லை. மருந்து மருந்தாகவே இருக்கும், வைட்டமின் வைட்டமினாகவே இருக்கும், கை மட்டும் கோத்திருக்கும். இரண்டும் சேர்ந்து புதிதாக ஒரு படிகம் கட்டும். அதற்கு இணைப்படிகம் என்று பெயர். தண்ணீரில் போட்டால் கோத்த கை விட்டுப்போகும், வைட்டமின் சட்டென்று கரையும், மருந்தும் அதோடு சேர்ந்து கரையும்.

இதைச் செய்வதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. அகேட் கல்லில் செய்த சின்னக் கல்வம், அதற்கு ஒரு குழவி. இரண்டு பொடியையும் சரியான விகிதத்தில் போட்டு, ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, முக்கால் மணி நேரம் அரைக்க வேண்டும். ஆடிக் காற்றுக்கு ஜன்னலைத் திறக்க முடியாது, பொடி பறக்குமென்று ஃபேன் போட முடியாது. வேர்த்து ஊற்ற அரைப்பேன். அப்பா இதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் சிரித்தார்.

"கல்வத்துல போட்டு அரைக்கிறதுக்கா ஆத்தா இத்தன வருசம் படிக்கிற? நம்ம கடையிலயே அரைச்சிருக்கலாமே."

"ஒங்க கல்வத்துல நேத்து எதை அரைச்சீங்கன்னு ஒங்களுக்கே தெரியாது" என்று நானும் விடவில்லை.

அரைத்தெடுத்த பொடியில் ஐந்து வகை இருந்தன. மூன்றாவதுதான் என் செல்லம். மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே. மூன்றாவது மட்டும் பழைய மருந்தைவிட ஏழு மடங்கு வேகமாகக் கரைந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பீக்கரிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, நேரத்தையும் அளவையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வருவேன். இடது பக்கம் நேரம், வலது பக்கம் எண். அந்த எண்கள் விறுவிறுவென்று ஏறியதைப் பார்த்த அன்றைக்கு ஆய்வகத்தில் யாரும் இல்லை. தனியாக உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்.

உண்மையாகவே புதுப் படிகம்தானா என்பதை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தால்தான் உறுதி சொல்ல முடியும். அந்தக் கருவி மதுரையில் வேறொரு நிறுவனத்தில் இருந்தது. மாதக்கணக்கில் கெஞ்சி ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருந்தோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் மூடியுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்றுகூட உலர்ந்ததாக இல்லை. குப்பி கேட்டு ஒரு மாதமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஈரக் குப்பியில் போட்டால் கோத்த கை விட்டுப்போகும். என்ன செய்வது? பட்டர் பேப்பரை வெட்டினேன், ஐந்து பொடியையும் அரை அரை கிராம் நிறுத்தேன், எங்கள் கடை மடிப்பில் மடித்தேன். எண்ணை மட்டும் பென்சிலால் உள்பக்க மூலையில் எழுதினேன். வெளியே எழுதினால் அழிந்துவிடும் என்று எனக்கு ஒரு புத்திசாலித்தனம். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, இரவு தங்குவதற்குச் சின்னமனூர் வந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் எல்லாமே பிஸ்கட் டப்பாவில்தான் இருக்கும். அப்பா வாடிக்கைக்காரர்களுக்கென்று முன்கூட்டியே மடித்து வைக்கிற பொட்டலங்களும் கடை மேசையில் ஒரு பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கும். அதில் பாதி சங்கு பற்பம். சங்கைப் புடம் போட்டு எடுக்கிற வெள்ளைப் பொடி. வாசனை கிடையாது. பிள்ளை பெற்ற வீடுகளில் வயிற்றுக்கென்று கேட்டு வாங்கிப் போவார்கள்.

சனிக்கிழமை காலை ஆறேகால் இருக்கும். என் டப்பாவைக் கடை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. எங்கள் பேராசிரியர். குப்பியில் போட்டுத்தானே எடுத்துப் போகிறாய் என்றார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"சார், ஒரு மாசமா கேக்குறேன் சார். நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பின லெட்டரை ஸ்டோர்ல தூக்கிப் போட்டிருக்காங்க சார்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து நின்றார். இருபத்தைந்து வயது இருக்கும். ராத்திரியெல்லாம் வாழைத்தார் ஏற்றிய கறை சட்டையில் அப்படியே இருந்தது. லோயர் கேம்ப் தம்பி. எங்கள் கடையில் யாருக்கும் பெயர் கிடையாது. தேவாரத்து அக்கா, கூடலூர் வாத்தியார், லோயர் கேம்ப் தம்பி என்று ஊரை வைத்துத்தான் கூப்பிடுவோம். இவர் சின்னமனூர் வாழை மண்டியில் வாரம் முழுக்க ஏற்று வேலை பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலையில் ஊருக்குப் போகிறவர். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

"அக்காளுக்குப் பொடி சொல்லியிருந்தேன்" என்றார்.

உள்ளே குளிக்கப் போயிருந்த அப்பா சத்தம் கொடுத்தார். "மேசையில டப்பாவுல இருக்கு பாரு ஆத்தா, ஒண்ணு எடுத்துக் குடு."

ஒரு காதில் சார் பேசிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறந்தேன், பொட்டலத்தை எடுத்தேன், கொடுத்தேன். சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை சொன்னதை வாய் தானாகச் சொன்னது. "அரைப் பொட்டலம் இன்னிக்கு, அரைப் பொட்டலம் நாளைக்கு. வெறும் வயித்துல, நெய்யில கொழச்சு." பிறகு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

தேனி பஸ் நிலையத்தில் மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு டப்பாவைத் திறந்து பார்த்தேன். சந்தேகப்பட்டுத் திறக்கவில்லை, சும்மா ஆசையாகப் பார்க்கலாமென்று. நான்கு பொட்டலம் இருந்தது.

கீழே விழுந்திருக்குமோ என்று பையைக் கொட்டினேன். பக்கத்தில் இருந்தவர் காலைத் தூக்கிக்கொண்டார். ஒவ்வொன்றாக முனையைப் பிரித்து மூலையைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, என் டப்பாவுல இருந்து ஏன் பொட்டலத்தை எடுத்தீங்க? எத்தன தடவை சொல்லியிருக்கேன், என் சாமானைத் தொடாதீங்கன்னு."

"நான் எங்கத்தா தொட்டேன்? குளிச்சிட்டு வந்து இப்பத்தான் கடையில ஒக்காருறேன். என் டப்பா அப்படியே இருக்கு." டப்பா மூடியை மூடுகிற சத்தம் கேட்டது. "லோயர் கேம்ப் தம்பிக்கு நீதான குடுத்த?"

நான்தான் கொடுத்தேன், மூன்றாம் எண்ணை. அரைப் பொட்டலம் என்றால் நாலைந்து மாத்திரைக்குச் சமம். அதுவும் சர்க்கரை வியாதியே இல்லாத ஒருத்திக்கு. பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகாதவள். வெறும் வயிற்றில். இதெல்லாம் போதாதென்று ஏழு மடங்கு. இரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் முதலில் வேர்க்கும், கை நடுங்கும், பிறகு நினைவு தப்பும். பக்கத்தில் படுத்திருக்கிற பிள்ளை அழுதாலும் அவளுக்குக் கேட்காது. அவள் தூங்குகிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள்.

வண்டியிலிருந்து குதித்துக் குமுளி பஸ்ஸைப் பிடித்தேன். அது கம்பம் வழியாக லோயர் கேம்ப்பைத் தாண்டிப் போகும். எப்படிப் போனாலும் இரண்டு மணி நேரம். அவர் மோட்டார் சைக்கிளில் சின்னமனூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார் என்பது கணக்குப் போடாமலே தெரிந்தது.

"அவரு நம்பர் இருக்கா?" என்றேன் அப்பாவிடம்.

"நம்பரா? பேரே தெரியாதே ஆத்தா."

"பேரு தெரியாம என்ன கடை நடத்துறீங்க?" என்று கத்தினேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழங்கால் மடங்காத அப்பா கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு வாழை மண்டிக்கு நடந்தார். நம்பர் வாங்கி என்னைக் கூப்பிட இருபது நிமிஷம் ஆனது.

"ரிங் போகுதுத்தா. எடுக்க மாட்டேங்குறான். வண்டியில போயிட்டு இருப்பான்."

நானும் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. வீரபாண்டி தாண்டியது, சின்னமனூர் வந்தது. நிறுத்தத்தில் ஆட்கள் மெதுவாக ஏறினார்கள். ஒருவர் வாழைத்தாரை ஏற்றலாமா வேண்டாமா என்று கண்டக்டரோடு பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அவர் மேல் பாய வேண்டும் போல இருந்தது. மறுபடியும் போட்டேன். சாமி கும்பிடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, ஆனாலும் அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்பது நன்றாக நினைவிருக்கிறது. கரையக் கூடாது என்று வேண்டினேன். நான்கு வருஷம் கை ஒடிய அரைத்தது எதற்காகவோ, அது நடக்கக் கூடாது என்று.

உத்தமபாளையம் தாண்டியதும் எடுத்தார்.

"யாரு?"

"நான் சின்னமனூர் மருந்துக் கடை. காலையில பொடி குடுத்தேன்ல, அதைக் குடுத்துறாதீங்க."

"குடுத்தாச்சேக்கா. அரை மணி நேரம் இருக்கும். நெய்யில கொழச்சு அம்மா குடுத்துட்டாக."

போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். "ஒடனே சீனித் தண்ணி குடுங்க. நிறைய சீனி போட்டு, ஒரு சொம்பு. குடுத்துட்டு கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க."

அவருடைய அம்மாவின் குரல் கேட்டது. "யாரது? பச்ச ஒடம்புக்காரிக்குச் சீனித் தண்ணியா குடுக்கச் சொல்றீக? பத்தியத்துல இருக்கா. சளி கட்டுனா பிள்ளைக்குல்ல போய்ச் சேரும். பொடிக்கு மேல ஒரு மணி நேரம் எதுவும் குடுக்கக் கூடாதுன்னு ஒங்க அப்பாதான சொல்லி விட்டாக?"

ஆமாம், அப்பாதான் சொல்லுவார். எல்லோருக்கும் சொல்லுவார். கடை மருந்தில் கொஞ்சம் கலப்பு ஆகிவிட்டது, எதற்கும் முன்ஜாக்கிரதையாக என்று சமாளித்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அப்பா முகம் வந்தது, கடை வந்தது, கடைத்தெரு என்ன பேசும் என்பது வந்தது. அந்த ஒரு நொடிக்காக இன்றும் எனக்கு வெட்கம்.

"அம்மா, அது கடை மருந்து இல்ல. நான் தப்பாக் குடுத்துட்டேன். அது சர்க்கரை வியாதிக்காரங்க மருந்து. நான் காலேஜ்ல செஞ்சது. ஒங்க மக மயங்கி விழுந்துருவா. பத்தியமெல்லாம் அப்புறம் பாக்கலாம், இப்ப சீனியைக் குடுங்க."

டிரைவர்கூடக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அவ நல்லாத்தான இருக்கா. பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு ஒக்காந்திருக்கா" என்றார் அந்த அம்மா. நான் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் என் மேல்தான் வந்தது. யாரோ பைத்தியம் போனில் கத்துகிறது என்று நினைத்திருப்பார்.

அப்போது இன்னொரு குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. மெதுவான குரல்.

"அக்கா, எனக்குக் கை நடுங்குது. வேர்க்குது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?"

"இருக்கும்மா. சீனியைக் குடி. அம்மா வேணாம்னாலும் குடி" என்றேன். அதன் பிறகு பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. தம்பி ஆட்டோவைக் கூப்பிட ஓடினார்.

கம்பத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றது கால் மணி நேரம் இருக்கும். குமுளி ரோட்டிலிருந்து வருகிற ஒவ்வொரு ஆட்டோவும் அதுவாகத் தெரிந்தது, கிட்ட வந்ததும் அது இல்லை. அந்த ஆட்டோ வந்தபோது அவள் தம்பியின் தோளில் சாய்ந்திருந்தாள். தலைமுடியெல்லாம் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. எதிரில் அந்த அம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தார். பாதிச் சீனித் தண்ணீர்தான் உள்ளே போயிருந்தது, மீதி புடவையில். அந்த அம்மா இறங்கி என்னைத் தாண்டி உள்ளே நடந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

விரலில் குத்திப் பார்த்தார்கள். நாற்பத்தொன்று. எழுபதுக்குக் குறையக் கூடாது. குளுக்கோஸ் ஏற்றத் தொடங்கினார்கள். டாக்டர் என்னிடம் திரும்பினார்.

"என்ன மருந்து?"

சொன்னேன்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"எப்ப உச்சத்துக்குப் போகும்? எத்தனை மணி நேரம் நிக்கும்?"

"தெரியாது டாக்டர். சாதாரண மாத்திரைக்குத் தெரியும். இது இணைப்படிகம். ஏழு மடங்கு வேகமா கரையும்."

"ஏழு மடங்கு ஆளுக்குள்ளயா, பீக்கருக்குள்ளயா?"

"பீக்கருக்குள்ள."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "எலிக்காவது குடுத்துப் பாத்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் நர்சிடம் கால் மணிக்கு ஒரு தடவை சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டு, பிள்ளைக்கும் பார்க்கச் சொன்னார். பொடி சாப்பிட்ட பிறகுதானே பால் கொடுத்திருக்கிறாள் என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு நாள் பிள்ளையின் குதிகாலில் ஊசியால் குத்தினார்கள். வீலென்று அழுதது. நர்ஸ் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்ற சில விநாடிகளில் நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அதைப் போலப் பயந்ததில்லை, இனியும் பயப்பட முடியாது. எண் சரியாக இருந்தது. இப்போதைக்குத் தாய்ப்பால் வேண்டாம், புட்டிப்பால் கொடுங்கள் என்றார்கள். அந்த அம்மா வாங்கி வரச் சொல்லித் தம்பியை அனுப்பினார்.

அவளுக்கு எண் ஏறியது, தொண்ணூறு வந்தது. கண்ணைச் சுழற்றிப் பிள்ளையைத் தேடினாள். எல்லோரும் மூச்சு விட்டோம். அடுத்த தடவை பார்த்தபோது மறுபடியும் ஐம்பத்தெட்டு. மருந்து உள்ளே வேலை செய்துகொண்டே இருந்தது. குளுக்கோஸைக் கூட்டினார்கள். மறுபடியும் ஏறியது, மறுபடியும் இறங்கியது. அவள் ஒரு தடவை என் கையைப் பிடித்தாள், யார் கை என்று தெரியாமல். வியர்வையில் அவள் கை வழுக்கியது. பிள்ளைக்காரியை இப்படிப் படுக்கப் போட்டுவிட்டேனே என்று வாய்விட்டே அழுதேன்.

மத்தியானத்துக்கு மேல் அப்பா பஸ் பிடித்து வந்தார். படியில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து ஏறி, வார்டு வாசலில் நின்று, அந்த அம்மாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"என் கடையிலதாம்மா நடந்துச்சு. எம் மேல பழி. பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக" என்றார். பிள்ளை என்று என்னைத்தான் சொன்னார்.

"மொதல்ல அவ எந்திரிக்கட்டும்" என்றார் அந்த அம்மா.

அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் மடியில் நோட்டு திறந்து கிடந்தது. அதன் கடைசிப் பக்கத்தைக் குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். இடது பக்கம் நேரம், வலது பக்கம் எண். பென்சிலில், என் கையெழுத்தில், நாற்பத்தொன்றிலிருந்து ஆரம்பித்து வரிசையாக. ஒரு தடவைகூட விடவில்லை. மேலே கோடு போட்டு, பொடி உள்ளே போன நேரத்தைக்கூட எழுதியிருந்தேன். எப்போது நோட்டை எடுத்தேன், எப்போது பென்சிலை எடுத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. அழுதுகொண்டே எழுதியிருக்கிறேன்.

"டாக்டர் எழுதச் சொன்னாகளா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமா" என்றேன்.

டாக்டர் சொல்லவில்லை. நர்ஸ் தனியாக அவர்கள் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் நோட்டை மூடினேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் அடுத்த எண்ணைச் சொன்னார். எழுபத்தாறு. என் விரல்கள் பென்சிலைத் தேடின. அதுவரை இருந்த பயம் வேறு, அப்போது வந்த பயம் வேறு. கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சாயங்காலத்துக்குப் பிறகு எண் இறங்குவது நின்றது. மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது அவள் தன் தம்பியிடம் ஏதோ சொன்னாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். மீதி அரைப் பொட்டலம். நாளைக்கென்று பத்திரமாக மடித்து வைத்திருந்தாள். அதே மடிப்பு. எங்கள் கடையில் வாங்கி வாங்கி அவளுக்கும் பழகியிருந்தது.

"பிள்ளை கையில பட்டுறக் கூடாதுன்னு எடுத்தாரச் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான்.

சாரிடம் மூன்றாவது சாம்பிள் பஸ்ஸில் கொட்டிவிட்டது என்றேன். அவர் திட்டினார், நான் வாங்கிக்கொண்டேன். முதல் தடவையாக எதிர்த்துப் பேசவில்லை. மறுபடியும் அரைத்தேன், மறுபடியும் கெஞ்சி நேரம் வாங்கி மதுரைக்கு எடுத்துப் போனேன், புதுப் படிகம்தான் என்று உறுதியானது. குப்பியில்தான் எடுத்துப் போனேன். ஆனால் அதற்கு முன்னால், திங்கட்கிழமை காலையில் ஆய்வகத்தில் யாரும் வருவதற்கு முன்பு, அந்த அரைப் பொட்டலத்தைத் தராசில் வைத்து நிறுத்தேன். எவ்வளவு மீதியென்று தெரிந்தால் எவ்வளவு உள்ளே போனதென்று தெரியும். அந்த எண்ணையும் கடைசிப் பக்கத்தில் மேலே எழுதினேன். இதை யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தை நான் இன்னும் கிழிக்கவில்லை, எரிக்கவுமில்லை. ஆய்வேட்டில் பீக்கரில் எடுத்த எண்களின் வரைபடம் இருக்கிறது, ஏழு மடங்கு இருக்கிறது. உயிருள்ளவற்றில் இதுவரை சோதிக்கப்படவில்லை என்று கடைசி அத்தியாயத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். எல்லோரும் எழுதுகிற வரிதான்.

அப்பா இப்போது ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் மருந்தின் பெயரும், வாங்குகிறவரின் பெயரும், போன் நம்பரும் எழுதித்தான் கொடுக்கிறார். கடையில் யாரும் ஊர்ப் பெயரில் இல்லை.

பட்டம் வாங்கிய வருஷம் ஒரு நாள் கடையில் இருந்தேன். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி வந்து நின்றாள். எனக்கு முதலில் தெரியவில்லை. தம்பி வண்டியை ஓரமாக நிறுத்துவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன். பிள்ளை மேசை மேலிருந்த டப்பாவைப் பிடித்து இழுத்தது. நான் அதைத் தள்ளி வைத்தேன்.

பிள்ளைக்கு ஓமம் வாங்கிக்கொண்டாள். பெயரும் நம்பரும் சொன்னாள், எழுதினேன். போகாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

"அந்த மருந்து முடிஞ்சிருச்சாக்கா? வேலை செய்யுதா?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"இன்னும் ஆளுக்குக் குடுத்துப் பாக்கலம்மா" என்று வாய் தானாகச் சொன்னது.

அவள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்குக் குடுத்தீகளே" என்றாள்.